ஏர்பிரஷுக்குக் கட்டுப்படியாகும் பெயிண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் (அசலைச் சிறிதாக்கிய மாதிரி) கட்டுகிறவர்கள் ஏர்பிரஷும் (பெயிண்டைக் காற்றால் தூவும் சின்னக் கருவி), அதற்குக் காற்றைத் தள்ளும் கம்ப்ரசரும் வாங்கி முடித்ததும் கையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் என்ன பெயிண்ட் வாங்குவது என்றுதான் புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். சென்னையில் ஒரு சின்ன பால்கனியில் பல வருடமாக அடித்துப் பழகியதை வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன். 1/72 விமானம் (அதாவது அசலில் 72இல் ஒரு பங்கு நீளம்), 1/35 டாங்கி, 1/24 கார் ஆகிய மூன்றும் மனதில் இருக்கின்றன. விலையை ரூபாயில் குறிப்பிடவில்லை, அது அடிக்கடி மாறுகிறது. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

தமியா என்ற கம்பெனியின் அக்ரிலிக் பெயிண்ட். எக்ஸ் வரிசை பளபளப்பு, எக்ஸ்.எஃப். வரிசை மேட், அதாவது பளபளப்பில்லாதது. முதல் ஏர்பிரஷ் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொறுமையான பெயிண்ட் எனக்குத் தெரியாது. பெயிண்டை நீர்க்கச் செய்யும் தின்னர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒத்துழைக்கும், அடைப்பு குறைவு, காய்ந்ததும் மேல்பரப்பு சீராக இருக்கும்.

ஆனால் குப்பி சின்னதாக இருக்கிறதே? வெறும் 10 மி.லி.தானே?

இங்கேதான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. தமியாவின் 10 மி.லி.யை அப்படியே யாரும் அடிப்பதில்லை. ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தின்னர் சேர்த்தால் 20 மி.லி. ஆகிறது. மிஸ்டர் கலர் என்ற பெயரில் வரும் லாக்கரும் (காரமான கரைப்பானில் செய்த பெயிண்ட்) 10 மி.லி. குப்பிதான், அதற்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர் போகும். ஆக 25 முதல் 30 மி.லி. வரை அடிக்கக் கிடைக்கிறது. வாலெஹோ மாடல் ஏர் போன்றவை ஏர்பிரஷுக்கென்றே நீர்க்கக் கலந்து வருகின்றன. குப்பி பெரிதாகத் தெரியும், ஆனால் அதில் சேர்க்க இடம் அதிகம் இல்லை.

ஆகவே விலையை மி.லி.யால் வகுப்பதற்கு முன்னால், கலந்த பிறகு எத்தனை மி.லி. வரும் என்று பாருங்கள். தின்னர் செலவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கைக்கணக்கில் 1/72 போர் விமானம் ஒன்றுக்கு ஒரு நிறம் அடிக்க, கலந்த பெயிண்ட் 4 அல்லது 5 மி.லி. போதும். ஒரே குப்பியில் மூன்று நான்கு விமானம் முடித்துவிடலாம். 1/35 டாங்கி இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. லாக்கர் குப்பி பாதியில் கெட்டியாகிவிட்டால் நல்ல லாக்கர் தின்னர் ஊற்றிக் கலக்கினால் பெரும்பாலும் உயிர் பெறும். தண்ணீரில் கரையும் பெயிண்ட் குப்பிக்குள்ளேயே காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாடல் கையில் எடுப்பவர் என்றால் இந்த வித்தியாசத்தில் நிறையக் காசு மிச்சமாகும்.

பெயிண்டை விடத் தின்னருக்கே அதிகம் செலவாகிறது. வழி உண்டா?

உண்டு. முதலில், சின்ன குப்பி தின்னர் வாங்காதீர்கள். தமியாவின் எக்ஸ்-20ஏ தின்னர் 250 மி.லி. புட்டியிலும், மிஸ்டர் லெவலிங் தின்னர் 400 மி.லி. புட்டியிலும் கிடைக்கின்றன. மி.லி. கணக்கில் பெரிய புட்டி எப்போதும் மலிவு.

அப்புறம், தமியா அக்ரிலிக்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் லிட்டர் கணக்கில் கிடைக்கும். 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு குறை இருக்கிறது: சீக்கிரம் ஆவியாகிவிடும். சித்திரை வெயிலில் பெயிண்ட் மாடலைத் தொடுவதற்குள்ளேயே பாதி காய்ந்து, மேல்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். ஏர்பிரஷின் பெயிண்ட் கப் ஒன்று நிறையும் கலவைக்கு இரண்டு மூன்று சொட்டு ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்தால் சரியாகும். சானிடைசரை ஊற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் கிளிசரினும் கெட்டியாக்கும் பொருட்களும் இருக்கின்றன.

கையில் லெவலிங் தின்னர் இருந்தால் தமியா அக்ரிலிக்கை அதிலேயே கலந்து பாருங்கள். அதில் ரிட்டார்டர் ஏற்கெனவே இருப்பதால் பெயிண்ட் மெதுவாகப் படிந்து கண்ணாடி போல் சமமாகும். நான் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் அடிக்கிறேன். ஒரே தின்னர் புட்டியில் தமியா, மிஸ்டர் கலர் இரண்டையும் ஓட்டிவிடலாம் என்பதே பெரிய சிக்கனம்.

ஹார்டுவேர் கடையில் என்.சி. தின்னர் லிட்டர் கணக்கில் விற்கிறார்களே, அதைக் கலக்கலாமா?

கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்.சி. தின்னர் பெரும்பாலும் டொலுயீன் போன்ற காரமான கரைப்பான்களின் கலவை. நம் கிட்டுகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அந்தத் தின்னர் அதிகமாகப் பட்டால் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பே இளகும், மாடலில் செதுக்கியிருக்கும் பேனல் கோடுகள் மழுங்கும், சில சமயம் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய வெடிப்பு விழும். டின்னுக்கு டின் கலவையும் மாறும். போன தடவை சரியாக வந்தது இந்தத் தடவை கைவிட்டுவிடலாம்.

ஏர்பிரஷ் கழுவ இதைப்போல மலிவானது வேறில்லை. ஆனால் முழு ஏர்பிரஷையும் அதில் ஊறப் போடாதீர்கள். விலை குறைந்த ஏர்பிரஷ்களில் இருக்கும் சாதாரண ரப்பர் வளையங்கள் ஊதிப் போய்விடும். கப்பில் கொஞ்சம் ஊற்றி, பிரஷால் துடைத்து, பீய்ச்சி வெளியேற்றினால் போதும்.

ஃபேப்ரிக் பெயிண்டும், ஸ்டேஷனரிக் கடை அக்ரிலிக்கும் ஏர்பிரஷில் போகுமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. ஃபெவிக்ரில், கேமல் போன்ற பெயிண்ட் எந்த ஊர் ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும், விலையும் கைக்கு அடக்கம். பதில்: போகும், ஆனால் எல்லா வேலைக்கும் உதவாது.

இவை பிரஷால் துணியிலும் கேன்வாஸிலும் பூசுவதற்காகச் செய்தவை. நிறத்துகள் மாடல் பெயிண்டில் இருப்பதை விடப் பெரியது, பசையும் கெட்டி. 0.2 அல்லது 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனைத் துளை) உள்ள ஏர்பிரஷில் ஊற்றினால் இரண்டே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். 0.5 மி.மீ. நாசில் இருந்தால் முயன்று பார்க்கலாம். தனிக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக நீர்த்து, பழைய நைலான் சாக்ஸில் வடிகட்டி, 25 முதல் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடியுங்கள். நீர்ப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். போர்வெல் தண்ணீரின் உப்பு ஊசி முனையில் படியும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர், அதாவது வெறும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு லிட்டர் வாங்கினால் வருடக் கணக்கில் வரும். ஆசிட் கலந்ததைத் தந்துவிடப் போகிறார்கள், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து 1/72 இறக்கையில் அடித்து, டேபிள் விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். மணல் தூவிய மாதிரி துகள் தெரியும். மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தால் பெயிண்ட் தோலோடு உரிந்து வரும். பிளாஸ்டிக்கை அது கவ்வுவதில்லை, மேலே படுத்துக் கிடக்கிறது. அதனால் விமானம், காரின் உடல், நெளி நெளியான கேமஃப்ளாஜ் ஆகியவற்றுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயோராமா (மாடலை நிறுத்தி வைக்கும் காட்சியமைப்பு) தரை, மண், பாறை, செங்கல் சுவர், சாலை, மர வேலி என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அங்கே அந்தச் சொரசொரப்பு உதவியாகவே இருக்கிறது. ஒரு அடி அகலத் தரைக்குத் தமியா குப்பியைக் காலி செய்ய மனசு வராது. நல்ல பெயிண்டை மாடலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு தரையை முழுக்கக் கடைப் பெயிண்டில் முடித்தால், வருடத்துக்கு நாலைந்து குப்பி மிச்சம்.

கார் பெயிண்ட் கடையில் அசல் நிறத்தையே கலந்து தருகிறார்களே?

கார் மாடல் கட்டுகிறவர்களுக்கு இது நல்ல வழி. வண்டியின் நிறக் குறியீட்டை (கலர் கோட்) சொன்னால் கலந்து தருவார்கள். சின்ன அளவில் கலக்கத் தயங்குவார்கள் என்பதால் நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. கரைப்பான் காரமானது, அதனால் கீழே பிரைமர், அதாவது பிளாஸ்டிக்கைக் கவ்வும் அடிப்பூச்சு, இரண்டு கோட் கட்டாயம். முதல் இரண்டு கோட்டைப் பனி படிவது போல் மெலிதாக விட்டுக் காய விடுங்கள். ஈரமாக ஒரே கோட்டில் அடித்தால் பிரைமரைத் துளைத்துப் பிளாஸ்டிக்கைத் தொட்டுவிடும்.

அதே கடையில் கிடைக்கும் 2கே கிளியரை (ஹார்டனர் என்ற இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் நிறமற்ற வார்னிஷ்) மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். பளபளப்பு அருமையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. வெளிக்காற்றைக் குழாயில் செலுத்தும் முகமூடி போட்டுக்கொண்டு அடிக்க வேண்டிய பொருள் அது. பால்கனியில், பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடும் இடத்தில், அடிக்கக் கூடாது.

முதலில் எத்தனை நிறம் வாங்க வேண்டும்?

இருபது முப்பது நிறம் கொண்ட செட் வாங்காதீர்கள். பாதி குப்பிகள் திறக்காமலேயே கிடக்கும். எந்த மாடல் கட்டப் போகிறீர்களோ அதற்கானதை மட்டும் வாங்கி, மாடலுக்கு மாடல் இரண்டு மூன்று சேர்த்துக்கொண்டே போங்கள்.

முதல் மாடலைத் தேர்வு செய்யும்போதே செலவைக் குறைக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்குப் பெரும்பாலும் ஆலிவ் டிராப் ஒன்று போதும், எக்ஸ்.எஃப்.-62. சோவியத் டி-34க்குப் பச்சை ஒன்று. ஜெர்மன் டாங்கிகளுக்கு 1943 பிப்ரவரியில் அடிப்படை நிறம் கரும் மஞ்சள் என்று உத்தரவு வந்தது. அதன் மேல் பச்சையும் செம்பழுப்பும் அடித்துக்கொண்டார்கள். எக்ஸ்.எஃப்.-60, 61, 64 ஆகிய மூன்று குப்பிகளில் அந்தக் காலத்து பேந்தர், டைகர் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். விமானம்தான் செலவு வைக்கும். மேலே இரண்டு நிறம், கீழே ஒன்று, காக்பிட் உள்ளே ஒன்று, சக்கரக் குழியில் இன்னொன்று என்று போகும்.

எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கருப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், மண் நிறம் ஆகிய ஆறும் மேட் வகையில் இருக்கட்டும். இதை வைத்துக் கலக்கப் பழகுங்கள். தமியா கிட்டுகள் பலவற்றின் தாளிலேயே இந்த நிறம் இத்தனை பங்கு, அந்த நிறம் இத்தனை பங்கு என்று அச்சிட்டிருப்பார்கள். டயருக்குத் தனி ரப்பர் கருப்பு வாங்க வேண்டியதில்லை. கருப்பில் கொஞ்சம் மண் நிறமும் ஒரு துளி வெள்ளையும் போதும். சின்ன அளவு மாடலில் சுத்தக் கருப்பு ஓட்டை மாதிரித் தெரியும், கொஞ்சம் வெளுப்பாக இருப்பதுதான் கண்ணுக்கு இயல்பு.

கலந்த நிறத்தை மூடியுள்ள காலிக் குப்பியில் மிச்சம் வையுங்கள். பங்கை லேபிளில் எழுதுங்கள். டேப் உரிந்து ஒரு மூலையைத் திரும்ப அடிக்க வேண்டி வரும்போது அதே நிறம் இரண்டாவது முறை வரவே வராது.

எதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது?

பிரைமர், வெள்ளை, வெள்ளி, மேட் வார்னிஷ்.

பிரைமர் கவ்வவில்லை என்றால் மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் இருந்தாலும் டேப்போடு வரும். மிஸ்டர் சர்ஃபேஸர் 1000, 1200, 1500 என்று வருகிறது. எண் கூடக் கூட மெல்லிய பூச்சு. புட்டியில் வாங்கித் தின்னரில் கலந்து அடித்தால் ஸ்பிரே கேனை விட ரொம்ப நாள் வரும்.

மலிவான வெள்ளை மூடாது. ஐந்து கோட் அடித்தும் சாம்பல் தெரியும், அதற்குள் பேனல் கோடுகள் நிரம்பிவிடும். சிவப்பும் மஞ்சளும் அப்படித்தான், அடியில் இளஞ்சிவப்பு ஒரு கோட் கொடுத்தால் பாதி பெயிண்டில் வேலை முடியும். கடை வெள்ளியில் துகள் பெரிது. 1/72 விமானத்தில் ஜிகினா ஒட்டிய மாதிரி மின்னும். தமியாவின் லாக்கர் வரிசையில் எல்.பி.-11 என்ற வெள்ளியும், மிஸ்டர் கலர் 8ஆம் எண்ணும் நியாயமான விலையில் நல்ல உலோகத் தோற்றம் தருகின்றன.

மேட் வார்னிஷ் கடைசியில் அடிப்பது. இரண்டு மாத வேலை முழுவதும் அதன் கீழே இருக்கிறது. அதில் சோதனை வேண்டாம்.

ஒரு கம்பெனி பெயிண்டில் இன்னொரு கம்பெனி தின்னரைக் கலக்கலாமா?

பெயிண்டின் வகை தெரிந்தால் கலக்கலாம். தமியா அக்ரிலிக் ஆல்கஹாலுக்கும் லாக்கர் தின்னருக்கும் ஒத்துப்போகும். தண்ணீர் அடிப்படையிலான பல பெயிண்ட்களுக்கு ஆல்கஹால் ஆகவே ஆகாது. ஆரம்ப காலத்தில், எல்லாம் அக்ரிலிக்தானே என்று நினைத்து அப்படி ஒரு பெயிண்டில் ஐசோபுரோப்பைல் ஊற்றினேன். கப்பிலேயே திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் பிரிந்தது. அதைக் கவனிப்பதற்குள் பட்டனை அழுத்திவிட்டேன். ஊசி, நாசில், உள்குழாய் எல்லாம் ரப்பர் மாதிரி இறுகி, கழற்றிச் சுரண்டி எடுக்க ஒரு மாலைப் பொழுது போனது, நாசிலின் முனையும் பிளந்தது. அன்றிலிருந்து எந்தப் புதுச் சேர்க்கையையும் முதலில் ஒரு பாட்டில் மூடியில் நாலு சொட்டு கலந்து, ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்த பிறகுதான் கப்பில் ஊற்றுகிறேன்.

கலவை சரியான பதத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பால் பதம். கலக்கிய குச்சியால் கிண்ணத்தின் உள்சுவரில் கொஞ்சம் பெயிண்டை மேலே ஏற்றி விடுங்கள். டம்ளரில் பால் வழிவதைப் போல மெல்லிய படலத்தை விட்டுவிட்டு மெதுவாக இறங்கினால் சரி. தயிர் மாதிரி அங்கேயே நின்றால் தின்னர் சேருங்கள். தண்ணீர் மாதிரி சுவரைச் சுத்தமாக விட்டு ஓடினால் பெயிண்ட் சேருங்கள். அப்புறம் கிட்டில் மிச்சமான ஸ்ப்ரூவிலோ (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) பிளாஸ்டிக் ஸ்பூனிலோ 15 பி.எஸ்.ஐ.யில் ஒரு கோடு இழுங்கள். சிலந்திக் கால் மாதிரி பக்கவாட்டில் ஓடினால் கலவை நீர்த்திருக்கிறது அல்லது அழுத்தம் கூடியிருக்கிறது. புள்ளி புள்ளியாகத் துப்பினால் கெட்டி.

பாதியில் துப்ப ஆரம்பித்தால் கலவையைக் குறை சொல்லாதீர்கள். ஊசி முனையைக் குனிந்து பாருங்கள், கடுகளவு பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருக்கும். தின்னரில் நனைத்த இயர்பட்டால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் எது ஒத்துவரும்?

கோடையில் பெயிண்ட் சீக்கிரம் காய்வதுதான் தொல்லை. ரிட்டார்டர் அல்லது லெவலிங் தின்னர், கொஞ்சம் குறைந்த அழுத்தம், மாடலுக்கு நெருக்கமாக அடிப்பது. முடிந்தால் காலை ஏழு மணிக்கு முன்னால்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. லாக்கர் ஆவியாகும்போது மேல்பரப்பைக் குளிரவைக்கும், காற்றின் ஈரம் அதில் படிந்து பெயிண்ட் பால் படிந்த மாதிரி வெளுக்கும். மேட் வார்னிஷில் இது இன்னும் மோசம். அந்த நாட்களில் நான் கட்டும் வேலையையும், இடைவெளி அடைத்த பட்டியைத் (putty) தேய்ப்பதையும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். வெளுத்தது லாக்கர் என்றால், வெயில் வந்த நாளில் வெறும் லெவலிங் தின்னரை மெலிதாகத் தூவினால் பல சமயம் தெளியும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அடித்தால் ஏர்பிரஷிலிருந்து தண்ணீர்த் துளியே வரும்.

எனாமல் (எண்ணெய் வகைப் பெயிண்ட்) மலிவாக இருக்கிறதே?

ஹம்ப்ரால் 14 மி.லி. டின் நல்ல பெயிண்ட்தான். ஆனால் ஒரு கோட் காய ஒரு நாள் ஆகும், அதுவரை தூசி படியும். கேட்டுக்கு அடிக்கும் ஆயில் பெயிண்டைக் கேட்பவர்களும் உண்டு. அது ரொம்பத் தடிப்பு, வேண்டாம். எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அழுக்கும் துருவும் காட்ட மட்டும் ஓவியக் கடை ஆயில் கலர் டியூப் ஒன்றைப் பழுப்பு நிறத்தில் வாங்குங்கள். ஒரு டியூப் பல வருடம் வரும்.

வாசனை, உடல்நலம்?

தண்ணீர் பெயிண்டாக இருந்தாலும் பறக்கும் துகள் நுரையீரலுக்குள் போகும், அதற்கு என்-95 போதும். லாக்கருக்கும் என்.சி. தின்னருக்கும் அது போதாது. துகளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள முகமூடி வாங்குங்கள். இந்தச் செலவையும் பெயிண்ட் பட்ஜெட்டில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்குக் காசு இல்லை என்றால் லாக்கரைத் தள்ளிப்போடுங்கள். சமையலறைப் பக்கமும், சாமி விளக்கு எரியும் இடத்திலும் அடிக்காதீர்கள். தின்னர் ஆவி தீப்பிடிக்கும்.

கழுவிய அழுக்குத் தின்னரை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் சேர்த்து வையுங்கள். லாக்கர் தின்னருக்கு ஒரு ஜாடி, ஆல்கஹாலுக்கு இன்னொன்று. இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் நிறத்துகள் அடியில் சேறு மாதிரி படியும், மேலே ஓரளவு தெளிந்து நிற்கும். தெளிவை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சி வேறு ஜாடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஏர்பிரஷை முதல் கழுவு கழுவ அது போதும், கடைசிக் கழுவலுக்கு மட்டும் புதுத் தின்னர். அடியில் இருக்கும் சேற்றை மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளில் பரப்பி, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், முழுக்கக் காய விட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.